தண்ணி படக்கூடாது

ஐம்பதைத் தொட்டவர்களே, தொட்டும் தொடாததுபோலத் தலைக்கு மை பூசிக்கொண்டு திரிகிறவர்களே, உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். உங்களில் யாராவது குற்றவாளியாக ஒரு சுவரில் தொங்கியிருக்கிறீர்களா? நான் தொங்கிக்கொண்டிருக்கிறேன். அதுவும் ஒக்லாந்தில்.

செய்தி வந்தபோது நான் காலி வீதியில் இடியப்பக் கடை வரிசையில் நின்றேன். சின்ன மாமாவின் மகள், எனக்கு முறைக்கு மச்சாள், நியூசிலாந்திலிருந்து போனுக்கு ஒரு படம் அனுப்பியிருந்தாள். கடைசியாக நான் அவளை நேரில் பார்த்தபோது அவளுக்குப் பல் முளைத்திருக்கவில்லை. இப்போது அவள் ஓவியர். படத்தில் ஒரு வெள்ளைச் சுவர். சுவரில் மண்ணிறத்தில் பாரிய துணி ஒன்று. துணியின் நடுவில் ஓர் ஆள் நுழையக்கூடிய ஓட்டை. ஓட்டையின் ஓரமெல்லாம் கஞ்சி காய்ந்ததுபோல நார் நாராகத் தொங்கியது. பக்கத்தில் சிறிய எழுத்தில் ஒரு குறிப்பு. விரலால் பெரிதாக்கி வாசித்தேன். தன் தாய் கொழும்பில் ஒரு துணி வரைந்ததாகவும், அதில் தண்ணீர் படக்கூடாது என்று வீட்டாரிடம் சொல்லும்படி ஒரு சிறுவனை அனுப்பியதாகவும், சிறுவன் சொல்ல மறந்துவிட்டதாகவும் எழுதியிருந்தது. கீழே மச்சாளின் சொந்தச் செய்தி: சனிக்கிழமை கொழும்பில் நிற்பேன், உங்களையும் உங்கள் அம்மாவையும் பார்க்க வேண்டும்.

மற்றவர்கள் பதறினால் கை நடுங்கும், நா வறளும். எனக்குச் சிரிப்பு வரும். வரிசையில் நின்று ‘கெக்கெக்கே’ என்று சிரித்தேன். முன்னால் நின்ற மனுசன் திரும்பிப் பார்த்து, தன் பார்சலை மார்போடு அணைத்துக்கொண்டார். வீட்டுக்கு ஓடிவந்து குளியலறைக் கதவைப் பூட்டிக்கொண்டு குழாயைத் திறந்துவிட்டேன். ஏன் திறந்தேன் என்று கேட்காதீர்கள். வெளியே அம்மா கதவைத் தட்டி, “என்னடா, வயித்தாலை போகுதோ?” என்றார். என் அம்மாவுக்கு எண்பத்திரண்டு வயது. பிரஷர் இல்லை, சீனி இல்லை. டொக்டர்மார் அவரைக் கண்டால் கொஞ்சம் ஏமாந்துபோவார்கள்.

அந்தச் சிறுவன் நான்தான். ஆனால் நான் மறக்கவில்லை. அதைத்தான் உங்களிடம் சொல்ல வருகிறேன். வேறு எவரிடமும் சொல்லி நான் வென்றதில்லை.

இப்போது நாங்கள் இருக்கும் மாடிக் கட்டடத்தின் இடத்தில் அப்போது எங்கள் வாடகை வீடு இருந்தது. வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றின் கடைசிக்கு முந்திய வீடு. கடலோரத் தண்டவாளத்தில் கோச்சி போனால் அலுமாரிக்குள் கண்ணாடிக் கோப்பைகள் கதைக்கும். கடற்காற்றில் யன்னல் கம்பியெல்லாம் துருப்பிடித்து, தொட்டால் கை சிவக்கும். எனக்கு அப்போது பத்து வயது. யாழ்ப்பாணத்திலிருந்து சனம் பெட்டிகளோடு வந்து எங்கள் ஹோலில் படுத்து, விசா வந்ததும் கனடாவுக்கும் லண்டனுக்கும் எழும்பிப் போய்க்கொண்டிருந்த காலம். எல்லாரும் வெளிநாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்க, வெளிநாட்டிலிருந்து பிள்ளை பெற வெள்ளவத்தைக்கு வந்த ஒரே மனுசி என் மாமிதான்.

சின்ன மாமா அம்மாவின் கடைசித் தம்பி. அம்மா தூக்கி வளர்த்த பிள்ளை. ஒக்லாந்தில் படிக்கப் போனவர், அங்கே ஒரு தொங்கா நாட்டுப் பெண்ணைக் கட்டிவிட்டுப் பிறகுதான் அறிவித்தார். தொங்கா எங்கே என்று அப்பா அட்லஸில் தேடினார். பசிபிக் கடலில் ஈ எச்சம் போட்டதுபோல நாலைந்து புள்ளி. “இதிலை எந்தப் புள்ளியாம்?” என்று அம்மா கேட்டார். அதற்குப் பிறகு இரண்டு வருடம் தம்பியோடு கதைக்கவில்லை. பிள்ளை வரப்போகிறது என்று தெரிந்ததும் அப்பாதான் வரச்சொல்லி எழுதினார்.

வருகிற நாள் காலையில் அம்மா என்னைக் குசினிக்குள் கூப்பிட்டார்.

“அவவை மாமி எண்டு கூப்பிடாதை. அன்ரி எண்டு சொல்லு.”

“ஏனம்மா? மாமாவின்ர மனிசி மாமிதானே?”

“சொன்னதைச் செய்.”

எங்கள் பக்கத்தில் அன்ரி என்பது தையற்காரிக்கும், ரியூசன் ரீச்சருக்கும், பஸ்ஸில் இடம் தருகிற பெண்ணுக்கும் பொதுவான பெயர். மாமி என்றால் வீட்டுக்குள் வந்தாயிற்று என்று அர்த்தம். நான் அம்மாவுக்கு முன்னால் அன்ரி என்றேன். அம்மா அந்தப் பக்கம் திரும்பியதும் மாமி என்றேன். இரண்டுக்கும் மாமி திரும்பிப் பார்த்தார்.

மாமி எங்கள் வாசல் நிலையை நிறைத்துக்கொண்டு வந்தார். உயரம், அகலம், ஏழு மாதத்து வயிறு. சிரித்தால் மேல் வீட்டுக்காரர் என்ன விசேஷம் என்று எட்டிப் பார்ப்பார்கள். எங்கள் வீட்டில் அவர் முதலில் படித்த தமிழ்ச் சொல் ‘கூடாது’. ஈரத்தலையோடு நிற்கக்கூடாது. வெள்ளிக்கிழமை மீன் கூடாது. சாமி அறைக்குள் இப்படிக் கூடாது. இரண்டாவது சொல் ‘தண்ணி’, கொழும்பு வெக்கைக்கு.

என்னைப் பார்த்ததும் அவர் முகம் மாறிய விதம் இன்னும் நினைவில் இருக்கிறது. என் தோளைப் பிடித்து ஹோலில் இருந்த ஒரே நல்ல கதிரையில் இருத்தினார். அது அப்பாவின் கதிரை. முதல்நாள் மத்தியானம் பாரை மீன் தலையை எடுத்து அப்பாவுக்கும் வைக்காமல், மாமாவுக்கும் வைக்காமல், என் சாப்பாட்டுக் கோப்பையில் வைத்தார்.

“ஆம்பிளையள் ரெண்டு பேர் இருக்கேக்கை பொடியனுக்கோ முதல்?” என்றார் அம்மா.

மாமா சிரித்தார். “விடுங்கோ அக்கா. அது அவையின்ர ஊர்ப் பழக்கம்.”

ஒருநாள் நான் மாமாவின் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மாமி பேசாமல் அதை அவர் கையிலிருந்து கழற்றி என் கையில் கட்டிவிட்டார். அம்மா அன்று மாலையே திருப்பிக் கொடுக்க வைத்தார். ஆனால் கையில் கிடந்த அந்தச் சில மணிநேரம் நான் ஒழுங்கையில் கையை உயர்த்திக்கொண்டே நடந்தேன், நேரம் கேட்காதவர்களுக்கும் நேரம் சொன்னேன். என்னை இந்த உலகத்தில் ஒருவர் கண்டுபிடித்துவிட்டார் என்று நினைத்தேன். பத்து வயதில் அப்படி ஒருவர் கிடைப்பது சின்ன விஷயமா?

துணி வந்தது சுருளாக, ஒரு தென்னங்குற்றியின் பருமனில். கதிரை மேசையெல்லாவற்றையும் வெளியே தூக்கிப்போட்டு ஹோலில் அதை விரித்தார்கள். சுவருக்குச் சுவர் முட்டியது. மரப்பட்டையை அடித்து அடித்துத் துணிபோல மெல்லிதாக்கி, மாப்பசை பூசி ஒன்றின்மேல் ஒன்றாக ஒட்டியது. ஒக்லாந்தில் ஒரு தேவாலய மண்டபத்தில் மாமியின் சொந்தக்காரப் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து ஒட்டியதாம். நாலு பக்கமும் மண்ணிறக் கட்டங்கள், கறுப்புக் கோடுகள். நடுப்பகுதி மட்டும் வெறுமையாக இருந்தது. அதை இங்கே வைத்துத்தான் வரையவேண்டும் என்றார் மாமி. அதன் பெயர் ஙாத்து. ங வரிசையில் பன்னிரண்டு எழுத்தை ஒன்றுக்கும் உதவாமல் ஏன் படிப்பித்தார்கள் என்று அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது.

நடுவை வரைய மாமிக்கு அச்சு வேண்டியிருந்தது. எங்கள் வீட்டு விளக்குமாற்றைப் பிரித்து ஈர்க்குகளை வளைத்து, ஒரு பழைய பனையோலைப் பாயில் வைத்துத் தைத்தார். அதன்மேல் துணியை வைத்துத் தேய்த்தால் கோடு எழும்பி வரும். நானும் தேய்த்தேன். முதலில் கோச்சிப் பாதை வந்தது, பிறகு கடல் வந்தது. கறுப்பு மை முடிந்தபோது சாமி விளக்குக்கு மேல் கிண்ணத்தைக் கவிழ்த்துப் புகைக்கரி சேர்த்தார். மண்ணிறம் முடிந்தபோது பாக்கை அவித்தார்.

அம்மா குசினி வாசலில் நின்று அப்பாவுக்குச் சொல்வதுபோல எல்லாருக்கும் சொன்னார்: “விளக்குமாத்தைப் பிச்சாச்சு. விளக்கிலை கரி எடுத்தாச்சு. இனி என்ரை தாலிக்கொடிதான் மிச்சம்.”

கடைசியில் நட்டநடுவில் மாமி வரைந்தது எங்கள் குத்துவிளக்கு. ஓர் ஆள் உயரத்துக்கு, ஐந்து முகத்தோடு. ஒவ்வொரு நாள் பின்னேரமும் அம்மா விளக்குக் கொளுத்தும்போது மாமி சுவரோடு சாய்ந்து நின்று பார்ப்பார். பார்த்துவிட்டு வந்து ஒரு கோடு போடுவார்.

“சாமி விளக்கைத் தரையிலை கிடத்தி வச்சிருக்கிறாள்,” என்றார் அம்மா. “ஆர் மிதிக்கிறதுக்கோ தெரியாது.”

பொரளையில் ஓர் ஆஸ்பத்திரியில் மச்சாள் பிறந்தாள். வீட்டுக்குக் கொண்டுவந்ததும் மாமி துணியை நாலாக மடித்துத் தன் அறையில் விரித்து, அதன்மேல் பாயைப் போட்டுப் பிள்ளையைக் கிடத்தினார். உங்களுக்குத் தெரியும், பிள்ளைத் துடக்கு, பிள்ளை பெற்ற தீட்டு என்றால் முப்பத்தோராம் நாள் வரைக்கும் அந்த அறை தனி உலகம். சாமி அறைப் பக்கம் வரக்கூடாது. முப்பத்தொன்றுக்கு ஐயர் வந்து புண்ணியதானத் தண்ணி தெளிப்பார். அதற்கு முதல் அறையில் கிடந்த சீலை, பாய், படங்கு எல்லாம் தோய்க்கவேண்டும்.

முப்பத்தொன்றுக்கு முதல்நாள் பின்னேரம் அம்மா அறைக்குள் போய்த் துணிகளை எண்ணிக்கொண்டு வந்தார். மாமி என்னைக் கூப்பிட்டார். அவர் ஆங்கிலம் வேறு மாதிரி உருளும், ஆனால் எனக்கு விளங்கும். “அம்மாவிடம் போய்ச் சொல். எல்லாவற்றையும் தோய்க்கட்டும். இதை மட்டும் வேண்டாம். தண்ணீர் பட்டால் பசை விட்டுவிடும், இது செத்துவிடும்.”

நான் ஓடினேன். அம்மா குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். அப்பா பக்கத்து அறையில் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அம்மா, அந்தத் துணியிலை தண்ணி படக்கூடாதாம்.”

“ம்.”

“தண்ணி படக்கூடாதாம் அம்மா! பட்டால் செத்துப்போமாம்!”

“ஏன் கத்துறாய்? நான் என்ன செவிடியே? போய்க் காலைக் கழுவு.”

அப்பா பேப்பருக்குப் பின்னாலிருந்து சொன்னார். “ஐயர் தெளிக்கத்தானே போறார். ரெண்டு சொட்டுத் தெளிச்சாக் காணுமப்பா.”

“தெளிச்சாக் காணாது,” என்றார் அம்மா.

இந்த இரண்டு சொல்லை நான் வளர்ந்தபிறகு எத்தனையோ தரம் எடுத்துப் பார்த்திருக்கிறேன். முறைப்படி தெளித்தாலே போதும். அம்மாவுக்கும் அது தெரியும். வேறு எத்தனையோ வீட்டுத் துடக்குகளை அம்மாவே முன்னின்று கழித்தவர்.

அடுத்தநாள் காலையில் மாமா ஐயரைக் கூட்டிவரப் போனார். மாமி தலை முழுகப் போனார். என்னை வெற்றிலை வாங்க அனுப்பினார்கள். திரும்பி வந்தபோது பின்வளவில் பெரிய அண்டா. அண்டாவுக்குள் மஞ்சள் தண்ணீர், சவர்க்கார நுரை. அம்மா சீலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கல்லில் எதையோ அடித்துக்கொண்டிருந்தார். வழக்கமாகத் துணி கல்லில் பட்டால் ‘பளார்’ என்று கேட்கும். இது ‘சதக், சதக்’ என்றது. மழைக்குப் பிறகு பலாமரத்தில் ஒரு மணம் வருமே, அந்த மணம். கல்லைச் சுற்றி மண்ணிறக் கூழ் ஓடியது. குத்துவிளக்கின் இரண்டு முகம் மட்டும் கொஞ்ச நேரம் மிதந்தது.

மாமி ஈரத்தலையோடு, பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து நின்றார். ஒரு சத்தமும் இல்லை. மேல் வீட்டுக்காரரை எட்டிப் பார்க்கவைத்த மனுசி. நான் அவர் சிரிப்புக்குத்தான் பழகியிருந்தேன், இந்த மௌனத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

அதே நேரம் மாமா ஐயரோடு வந்து சேர்ந்தார்.

“அக்கா! என்ன செய்துபோட்டியள்?”

அம்மா கூழைப் பார்த்தார். தம்பியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“எனக்கு என்னெண்டு தெரியும்? ஒருத்தரும் சொல்லேல்லையே.”

“இவனிட்டைச் சொல்லி விட்டதெண்டு ராத்திரியே எனக்குச் சொன்னவள்!”

“இவனோ? இவன் ஒண்டும் சொல்லேல்லை. விளையாட்டுப் புத்தி. வாற வழியிலை மறந்திருப்பான்.”

நான் அப்பாவைப் பார்த்தேன். அப்பா கேட்டவர். பேப்பருக்குப் பின்னாலிருந்து பதில் சொன்னவர். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சாரத்தில் துடைத்தார். “சின்னப் பொடியன்தானே, விடுங்கோ,” என்றார்.

அப்போதுதான் எனக்குச் சிரிப்பு வந்தது. ‘கெக்கெக்கே’ என்று. நிறுத்த முடியவில்லை. கண்ணால் தண்ணீர் ஓடுகிறது, வாயால் சிரிப்பு ஓடுகிறது. அதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்? மாமா கையை ஓங்கிக்கொண்டு வந்தார். மாமி ஒரு கையால் அவரைத் தடுத்தார். மற்றக் கையை என் தலையில் வைத்து, பரவாயில்லை என்று ஆங்கிலத்தில் சொன்னார்.

அடி விழுந்திருந்தால் மறந்திருப்பேன். செய்யாத பிழைக்கு மன்னிப்புக் கிடைத்தால் அதைத் திருப்பிக் கொடுக்க ஓரிடமும் இல்லை.

ஐயர்தான் பாவம். அண்டாவை எட்டிப் பார்த்து, “உதைத் தோய்ச்சிருக்கத் தேவையில்லை, நான் தெளிச்சிருப்பன்,” என்றார். பிறகு தெளித்தார்.

அடுத்த கிழமையே அவர்கள் போய்விட்டார்கள். சின்ன மாமா அதற்குப் பிறகு கொழும்புக்கு வரவில்லை. வருகிறேன், வருகிறேன் என்று சொல்லிக்கொண்டே ஒக்லாந்தில் செத்துப்போனார். போனில் கதைக்கும் காலத்தில் அவர் என்னிடம் கடைசியாகக் கேட்பது எப்போதும் ஒரே கேள்விதான்: “என்னடா, இப்பவாவது சொல்லவேண்டியதைச் சொல்லுறியோ?” பகிடிதான். என் கலியாணத்தன்றும் போனில் அதைக் கேட்டார். நானும் சிரித்தேன். என் தொழில் அது.

சனிக்கிழமை வந்தது. விடியவே எழும்பி ஒரு பேச்சுத் தயாரித்தேன். கண்ணாடிக்கு முன்னால் நின்று ஆங்கிலத்தில் ஒத்திகை பார்த்தேன். ‘நான் நிரபராதி’ என்பதை எப்படிச் சொன்னாலும் அது ஒரு களவாணியின் வாயிலிருந்து வருவதுபோலவே இருந்தது. மூன்று சேர்ட் மாற்றினேன்.

மச்சாள் ஓட்டோவில் வந்து இறங்கினாள். மாமியின் உயரம், எங்கள் மூக்கு. கையில் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரைக்கும் கறுப்புக் கட்டங்கள் பச்சை குத்தியிருந்தாள். அம்மா அந்தக் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்து, “தோய்ச்சாப் போகாதோ?” என்று கேட்டார். நான் குனிந்து செருப்பைத் தேடினேன். மச்சாளுக்குத் தமிழில் வணக்கமும் நன்றியும் மட்டும்தான். அம்மாவின் ஆங்கிலம் ‘சிற், சிற்’ என்று கதிரையைக் காட்டி இருக்கச் சொல்வதோடு முடிந்தது. அவர் தேத்தண்ணி போடக் குசினிக்குள் போனார்.

மச்சாள் ஆங்கிலத்தில் கதைத்துக்கொண்டே படங்கள் காட்டினாள். அவளும் வேறு மூன்று பேரும் சேர்ந்து செய்த கண்காட்சி. ஒருத்தி சமோவாக்காரி. எல்லாரும் ஒக்லாந்தில் வளர்ந்தவர்கள். மச்சாளுக்குப் பட்டை கிடைப்பதில்லை. கடையில் கொலருக்குள் வைத்துத் தைக்கிற துணியை வாங்கி அதில் வரைகிறாள்.

“தேவாலய மண்டபத்துப் பெரிய பெண்கள் வந்து பார்த்தார்கள்,” என்றாள். “இது ஙாத்து இல்லை, தையற்கடைத் துணி என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். என் சமோவாக் கூட்டாளியின் தாய் இன்னும் மோசம். மகள் வரைந்ததைப் பார்த்து, ‘மேசைக்கு விரிக்க நல்லது’ என்றாராம். தமிழ்ச் சங்கத்துக்காரர் வந்து, இதில் தமிழ் எங்கே என்று கேட்டார்கள். அந்த ஓட்டைதான் தமிழ் என்றேன்.”

அவள் சிரித்தாள். மாமியின் சிரிப்பு, அதே சத்தம். நான் தயாரித்த பேச்செல்லாம் ஒழுகிப்போயிற்று.

“நான் சொன்னேன்,” என்றேன். “மறக்கவில்லை. அம்மாவிடம் சொன்னேன்.”

“தெரியும்,” என்றாள் மச்சாள்.

“என்ன தெரியும்?”

“இரண்டு தரம் சொன்னீர்கள். இரண்டாம் தரம் கத்தினீர்கள். என் அம்மா என்னைத் தூக்கிக்கொண்டு உங்களுக்குப் பின்னாலேயே வந்து குசினிக் கதவுச் சீலைக்கு வெளியே நின்றாராம். அவருக்குத் தெரிந்த இரண்டு தமிழ்ச் சொல்லும் அதில் இருந்தனவாம்.”

உங்களுக்கு எப்போதாவது லிப்ட் இரண்டு மாடிக்கு நடுவில் நின்றிருக்கிறதா? எனக்கு அப்படித்தான் இருந்தது.

“பிறகு ஏன் அன்றைக்குச் சொல்லவில்லை?”

மச்சாள் விளக்கினாள். தொங்கா முறையில் பிள்ளைக்கு எல்லாருக்கும் மேலானவர் தகப்பனின் சகோதரி. மெஹெகிதங்கா என்று பெயர். அவர் வாழ்த்தினால் பிள்ளை வளரும், அவர் மனம் கசந்தால் பிள்ளைக்கு ஆகாது. அவர் பிழை செய்தார் என்று பிள்ளையின் தாய் வாய் திறக்கமுடியாது. அதற்காகத்தான் மாமி பிடிவாதம் பிடித்து வயிற்றுப் பிள்ளையோடு வெள்ளவத்தைக்கு வந்தாராம். அந்த மேலானவருடைய வீட்டில் பெறுவதற்கு.

“அத்தை பிழை செய்ய முடியாது. ஆனால் பிழை நடந்துவிட்டது. அப்படியென்றால் வேறு ஒருவர் செய்திருக்கவேண்டும். சிறுவன் என்றால் ஒருவரும் கனநாள் கோபிக்கமாட்டார்கள் என்று அம்மா நினைத்தார்.”

“நானும்தானே அந்த அத்தையின் பிள்ளை?”

“அதனால்தான் உங்களுக்கும் முறையில் பெரிய இடம்,” என்றாள். “சகோதரியின் பிள்ளைக்கு மாமன் வீட்டில் எதையும் எடுக்க உரிமை உண்டு. முதல் துண்டு மீன் அவனுக்கு. நல்ல கதிரை அவனுக்கு. அம்மா உங்களுக்கு அதெல்லாம் செய்ததாகச் சொன்னார்.”

மீன் தலை. கதிரை. கைக்கடிகாரம். இத்தனை வருடமும் நான் ஒரே ஒரு சாமானைப் பத்திரமாக வைத்திருந்தேன்: என்னை ஒரு மனுசி பிரத்தியேகமாக நேசித்தார் என்பது. அது முறையாம். என் இடத்தில் ஒரு கொட்டைப் பாக்கு அம்மாவின் வயிற்றில் பிறந்திருந்தாலும் அந்தக் கதிரையில் இருந்திருக்கும்.

“சுவரில் எழுதியிருக்கிறதை மாற்றமாட்டாயா?”

“மாற்றலாமா என்று அம்மாவிடம் கேட்டேன். மெஹெகிதங்கா உயிரோடு இருக்கும்வரைக்கும் அவரைச் சுவரில் தொங்கவிடக்கூடாது என்றார்.”

குசினிக்குள் அம்மா ஏதோ தேவாரத்தை முணுமுணுத்துக்கொண்டு, எண்பத்திரண்டு வயதில், மேல்தட்டுப் போத்தலைக் கதிரை இல்லாமல் எட்டி எடுத்துக்கொண்டிருந்தார். என் விடுதலைக்கு நான் என்ன வேண்டிக்கொள்ளவேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். உடனே நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

மச்சாள் முன்னால் சாய்ந்தாள். அவள் முகத்தில் சிரிப்பு இல்லை. “நான் இங்கே வந்தது ஒரு வேலைக்கு. அம்மாவால் இப்போது நடக்க முடியாது. உங்கள் அம்மாவிடம் ஒன்று சொல்லச்சொன்னார். அந்தத் துணி அவருக்குத்தான். பிள்ளையின் முதல் பிறந்தநாளில் மெஹெகிதங்காவுக்குக் கொடுப்பதற்காக வரைந்தது. நடுவில் இருந்த விளக்கு அவர்தான். இதை மட்டும் அவர் தெரிந்துகொள்ளவேண்டும், போதும் என்றார். நீங்கள்தான் மொழிபெயர்க்கவேண்டும்.”

அம்மா தேத்தண்ணித் தட்டோடு வந்தார். ரோல்ஸும் இருந்தது. மச்சாளின் தட்டில் ஒன்று வைத்தார், அவள் போதும் என்று கைகாட்ட இன்னொன்றும் வைத்தார்.

எனக்குப் பொறுக்கவில்லை. “அம்மா,” என்றேன், “அந்தத் துணி தோய்ச்ச அண்டைக்கு. நான் உங்களிட்டைச் சொன்னனான்தானே?”

“என்னத்தை?”

“தண்ணி படக்கூடாது எண்டு.”

“ஓம், சொன்னனி,” என்றார் அம்மா. “ரெண்டு தரம் சொன்னனி. இப்ப ஏன் அதை?”

இவ்வளவு சுலபமாக. வெளியே மழை பெய்கிறதா என்று கேட்டதற்குப் பதில் சொன்னதுபோல.

“பிறகேன் அம்மா என்னிலை போட்டனீங்கள்?”

“உன்னிலை போட்டால் ஆர் கோவிக்கப்போகினம்? நீ பொடியன். என்னிலை எண்டால் தம்பி பிறகு இந்த வாசல் மிதிச்சிருக்கமாட்டான்.”

“அவர் மிதிக்கேல்லையே, அம்மா.”

அம்மா கதிரைக் கையில் சிந்தியிருந்த தேத்தண்ணியைச் சீலைத் தலைப்பால் துடைத்தார். துடைத்த இடத்தையே இன்னும் கொஞ்ச நேரம் துடைத்தார். பிறகு நிமிர்ந்து மச்சாளைப் பார்த்தார். அந்த மூக்கைப் பார்த்தார் என்று நினைக்கிறேன்.

“இவள் என்னவாம்? இவ்வளவு நேரமும் என்ன கதைச்சவள்? என்ரை கதையும் வந்ததுபோலக் கிடந்துது.”

தன்னைப்பற்றித்தான் கேட்கிறார் என்று மச்சாளுக்கு விளங்கிவிட்டது. தேத்தண்ணியை வைத்துவிட்டு என்னைப் பார்த்துத் தலையசைத்தாள், இப்போது சொல்லுங்கள் என்று.

‘அந்தத் துணி உங்களுக்குத்தான் அம்மா.’ நாலே சொல். நாற்பது வருடமாக நான் தேடித்திரிந்த கல், இப்போது கைக்குப் பொருத்தமாக வந்து உட்கார்ந்திருந்தது. எறிந்தால் குறி தப்பாது. அம்மா கையில் ஈரத் தலைப்போடு என் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“தேத்தண்ணி நல்லாயிருக்காம்,” என்றேன்.

அம்மாவின் முகம் மலர்ந்தது. “தாய்க்கும் என்ரை தேத்தண்ணி பிடிக்கும்,” என்று சொல்லி, மச்சாளின் தலையில் கை வைத்தார். வைத்த கையை எடுக்கவில்லை.

மச்சாளின் கண் கலங்கியது. அந்தக் கைக்குக் கீழே இருந்தபடியே என்னிடம் மெதுவாகக் கேட்டாள். “சொல்லிவிட்டீர்களா?”

“சொல்லிவிட்டேன்,” என்றேன்.